துரு விட்ட மூச்சு

தாழைத்துறையில் இரும்புக்கு ஆயுசு குறைவு. அந்த ஊர்க் கடற்காற்று கூப்பிடாமலே வீட்டுக்கு வீடு நுழைந்து, கதவுக் கொண்டியைத் தடவி, ஜன்னல் கம்பியைத் தடவி, சைக்கிள் செயினையும் தையல் மிஷினையும் மாதா கோயில் மணியின் சங்கிலியையும் தடவி, ஒரு மழைக்காலம் முடிவதற்குள் எல்லாவற்றையும் சிவப்பாக்கிவிடும். கல்யாணச் சீராக வந்த பீரோ, முதல் பிள்ளை தவழத் தொடங்குவதற்குள் கால் இற்றுச் சாய்ந்து நிற்கும். மாப்பிள்ளை வீட்டார் அதைச் சொல்லிக்காட்டவும் மாட்டார்கள், அவர்கள் வீட்டு பீரோவும் அப்படித்தான் நிற்கும். வெயிலைப் போல, மீன் வாடையைப் போல, துருவும் ஊரோடு பிறந்தது என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். அமலோற்பவம் ஒருத்திதான் அதோடு தினமும் சண்டைக்குப் போனாள்.

அவள் வீட்டு வாசலிலேயே பழைய இரும்புக் கடை வைத்திருந்தாள். கடை வாசல் வேப்பமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். காலையில் கதவைத் திறந்ததும் சுத்தியலால் அதில் ஒரு தட்டுத் தட்டுவாள். கடை திறந்தாச்சு, எடைக்குப் போடவேண்டியதைக் கொண்டுவாங்க என்று அதற்கு அர்த்தம், அது ஊர்க்கோடி வரை கேட்கும். தட்டிய கையோடு குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து, வந்த சாமான்களின் மேல் பொரிந்துகிடக்கும் துருவைக் கொத்தி உதிர்ப்பாள். கொத்துகிற நேரமெல்லாம் அதைத் திட்டுவாள். வற்றல் காயப்போட்டவள் காக்காயைத் திட்டுவாளே, அந்தமாதிரி. ஒருநாள் அந்தத் திட்டு கேட்காவிட்டால் காய்ச்சலோ என்று பக்கத்து வீட்டுக்காரிகள் எட்டிப் பார்ப்பார்கள்.

அவளுக்கு அந்தக் கோபம் சும்மா வரவில்லை. அவள் புருஷன் சந்தியாகு கேஸ் கட்டர். கழித்துப்போட்ட விசைப்படகையும் பார்ஜ் என்கிற சரக்குப் படகையும் கரையில் ஏற்றி, ஆக்சிஜன் சிலிண்டர் பக்கத்தில் நிற்க, நீல நாக்கு நீட்டுகிற தீயால் மீனை அரிவதுபோல் இரும்பை அரிந்து போட்ட மனிதர். அந்தப் புகையெல்லாம் கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் அவர் நெஞ்சு. இப்போது அதே காற்று அடைத்த சிலிண்டர், வேறு நிறம் பூசிக்கொண்டு, அவர் கட்டில் தலைமாட்டில் நின்றது. இரும்பை எரிக்க வாங்கியதையே உயிரைப் பிடித்துவைக்க வாங்கினார்கள். மல்லாந்தால் மூச்சு நின்றுவிடும் என்பதால் அவர் வருஷக்கணக்காகப் படுக்கவில்லை. கட்டிலின் குறுக்கே சுவரில் சாய்ந்து, மடியில் தலையணையை வைத்து, அதன்மேல் கவிழ்ந்து, உட்கார்ந்தபடியே தூங்கினார். அவள் கீழே பாய் விரித்துக்கொண்டாள்.

அவள் பெயர் நீளமான பெயர். கல்யாணமான புதிதில் அவர் அதை முழுதாக, ஒரு எழுத்துக்கூடத் தின்னாமல் கூப்பிடுவார். தெருவில் அதற்காகவே அவரைக் கேலி செய்தார்கள். நெஞ்சு கெட்ட பிறகு அது அமலி ஆயிற்று. பிறகு அம என்றாயிற்று. இந்த வருஷம் அதுவும் போய், கட்டில் சட்டத்தை மோதிர விரலால் தட்டுவார், அவள் எழுந்து வருவாள்.

பெண்கள் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி எடுக்கிற புளோரா டீச்சர், கால் இற்ற பீரோ ஒன்றைப் போட வந்தபோது, அமலோற்பவம் துருவைத் திட்டுவதைக் கேட்டுச் சிரித்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருந்தார். "துரு எங்கயோ இருந்து வாரதில்லக்கா. நாம மூச்சு விடுதோமே, அதே காத்துதான். இரும்பு அதப் புடிச்சு, ஈரத்தையும் சேத்துப் புடிச்சு உள்ள வச்சுக்கிடுது. அப்புறம் அது இரும்பும் இல்ல, காத்தும் இல்ல, மூணாவதா ஒண்ணு. சேர்மம்னு பேரு." அன்றிலிருந்து குவியலைப் பார்க்கும்போதெல்லாம் அமலோற்பவத்துக்கு வயிறு எரிந்தது. கடை நிறைய மூச்சு கிடக்கிறது, வீட்டில் ஒரு வாய்க்கு வழியில்லை.

அது நடந்த அன்று ஆற்றுப்பாலத்தில் வேலை நடந்ததால் சிலிண்டர் வண்டி சுற்றிக்கொண்டு வரவேண்டியிருந்தது. வீட்டிலிருந்த சிலிண்டரின் முள் கீழே இறங்கிவிட்டது. சந்தியாகு தலையணையில் நெற்றியை அழுத்திக்கொண்டு தோள் இரண்டும் ஏறி இறங்க உட்கார்ந்திருந்தார். அமலோற்பவம் வண்டி வருகிறதா என்று பார்க்க வாசலுக்கு வந்தாள், பழக்கத்தில் தண்டவாளத்தைத் தட்டினாள், காலில் ஒரு நங்கூரம் இடித்தது. கடலிலிருந்து எடுத்துக் கொண்டுவந்து போட்ட பழைய நங்கூரம், துரு ஏறி ஏறித் தன்னைப்போல இரண்டு பங்கு பருத்திருந்தது. அவள் அதைப் பார்த்துச் சொன்னாள்.

"சனியனே, புடிச்சா விடவே மாட்டியா? அங்க ஒரு மனுசன் ஒரு வாய் காத்துக்கு அடிச்சுக்கிட்டுக் கெடக்காரு. நீ வேணும் வேணும்னு தின்னுட்டு ஊதிப்போயிக் கெடக்க. விடு. விட்டுத் தொல."

நங்கூரம் விட்டது.

முதலில் அதன் மேலெல்லாம் வியர்த்தது. சிவப்பு நுனியிலிருந்து மெல்ல உள்வாங்கி, அது விலகிய இடத்தில் நீலம் கலந்த சாம்பல் நிறத்தில், வார்த்தெடுத்த அன்று இருந்த முகத்தோடு இரும்பு வெளியே வந்தது. துளித்துளியாகத் தண்ணீர் சொட்டியது. நெடுநாள் சுமந்ததை இறக்கிவைத்தவன் விடுகிற மாதிரி ஒரு பெருமூச்சு அதிலிருந்து கிளம்பி, அவள் முகத்தில் பட்டு, வாசற்படி ஏறி, வீட்டுக்குள் போயிற்று. மீன் வாடையோ உப்பு வாடையோ இல்லாத, ஒன்றுமே மணக்காத காற்று. அதன் பின்னாலேயே குவியலில் கிடந்த அரிவாள்மணை, வண்டிச் சக்கரப் பட்டா, குழாய், ஆணி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விட்டன. உள்ளே அடுப்பில் தீ குபீரென்று எழும்பிற்று.

"ஏளா அமலோற்பவம்," என்றார் சந்தியாகு உள்ளேயிருந்து, "காப்பி போட்டாச்சா?"

முழுப் பெயர். அதன் பின்னால் ஒரு கேள்வியும், நடுவில் மூச்சு வாங்காமல். அவள் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள், கண்ணிலிருந்து தண்ணீர் அது பாட்டுக்குக் கொட்டியது. பால் பொங்கி அடுப்பில் வழிகிற சத்தம் கேட்டதும்தான் ஓடினாள்.

தாழைத்துறை இதை எப்படி ஏற்றுக்கொண்டது என்றால், முதல் நாள் கூட்டமாக வந்து பார்த்தது, மறுநாள் வீட்டிலிருந்த துருப்பிடித்ததையெல்லாம் தூக்கிக்கொண்டு வந்தது, அந்த வாரம் முடிவதற்குள் அது இல்லாத காலத்தை மறந்துபோயிற்று. காலையில் அமலோற்பவம் தண்டவாளத்தைத் தட்டுவாள். அந்தச் சத்தம் எதுவரை கேட்குமோ அதுவரை துரு விடும். ஊரிலிருந்த மூச்சு இழுப்புக்காரர்களெல்லாம் விடிந்ததும் வேப்பமரத்தடியில் வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள், ஆளுக்கொரு துருப்பிடித்த சாமானை மடியில் வைத்துக்கொண்டு. ஒருவர் பூட்டு, ஒருவர் மண்வெட்டி, ஒரு அம்மாள் தன் மாமியார் காலத்துத் தோசைக்கல். தட்டு விழுந்ததும் எல்லாரும் குனிந்து முகத்தை அதன்மேல் வைத்துக்கொள்வார்கள். நிமிரும்போது சின்னப்பிள்ளைகளின் முகம் மாதிரி இருக்கும். அப்படியே எழுந்து வேலைக்குப் போவார்கள்.

சொட்டுகிற தண்ணீரைப் பெண்கள் செம்பிலும் கிண்ணத்திலும் பிடித்தார்கள். அதில் பருப்பு நன்றாக வேகிறது என்று பேச்சு. பீடி ஒரே இழுப்பில் விரல் வரை எரிந்துவிடுவதால் பீடிக்காரர்கள் கடற்கரைக்குப் போனார்கள். மாதா கோயிலில் மெழுகுதிரிகள் ஒரு முழம் சுடர்விட்டு மளமளவென்று கரைந்துபோக, சாமியார் பிரசங்கத்தைச் சுருக்கிக்கொண்டார். ஊர் அதையும் ஒரு புதுமையாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டது.

புளோரா டீச்சர் வந்தபோது அமலோற்பவம் ஒரு ஜன்னல் கம்பியைக் கையில் கொடுத்தாள். டீச்சர் அது வெளுப்பதை வைத்த கண் வாங்காமல் பார்த்தார். "இது நடக்காதுக்கா. இதப் பிரிக்கணும்னா உலையில போட்டு, கரியப் போட்டு எரிக்கணும். தானா விடாது," என்றார். சொல்லிவிட்டுக் கண்ணை மூடி அந்த மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டார். கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி பேசினார். "காத்துல இது எப்பவும் ரெண்டு ரெண்டு பேராத்தான் திரியும். ஒத்தையா இருக்காது, இருக்கத் தெரியாது. அந்த ஜோடிக்குப் பேருதான் மூலக்கூறு. இரும்பு வந்து அந்த ஜோடியப் பிரிச்சு, ஆளுக்கொரு பக்கமாப் புடிச்சு வச்சுக்கிடும். இப்ப விட்டதும் பாருங்க, ஒண்ண ஒண்ணு தேடிப்போயி மறுபடியும் ஜோடியாயிட்டுதான் நம்ம மூக்குக்கு வருது. இத்தனை கோடி இருக்கு, ஒண்ணுகூடத் தப்பல." அமலோற்பவம் உள்ளே கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். சந்தியாகு கண்ணாடியைப் பார்த்துச் சவரம் செய்துகொண்டிருந்தார்.

ஆனால் சாயங்காலம் என்று ஒன்று இருந்தது. வெளுத்த இரும்புக்குப் பசி அதிகம். கடற்காற்று திரும்பி வீசத் தொடங்கியதும், காலையில் விட்டதையெல்லாம் அது மறுபடி இழுத்துக்கொண்டது. தெரு முழுக்கச் சட்டியில் எண்ணெய் காய்கிற மாதிரி ஒரு சீறல் கேட்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொண்டிகள் மஞ்சளாகி, பழுப்பாகி, சிவந்துபோகும். ஊருக்கு அது ஒரு பெரிய தொந்தரவாக இல்லை, லேசாகக் கொட்டாவி வரும், அவ்வளவுதான். சந்தியாகுவுக்கு மட்டும் அந்த நேரம் யாரோ நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. காலையில் எவ்வளவு லேசாக இருந்தாரோ சாயங்காலம் அவ்வளவு முடங்கினார். நாளுக்கு நாள் இரும்பின் பசி கூடியது, நாளுக்கு நாள் சிலிண்டரும் போதாமல் போயிற்று. அமலோற்பவம் அந்த நேரத்தில் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். விட்டால் போய்விடுவார் என்று அவளுக்குப் பயம். காலையில் பார்த்தால் அவர் கையில் அவள் விரல்கள் பதிந்த தடம் இருக்கும்.

ஊர்க்கமிட்டித் தலைவர் கஸ்பார் அவளுக்கு அண்ணன் முறை. படகு வைத்திருப்பவர், எதற்கும் ஒரு வழி வைத்திருப்பார். "தங்கச்சி, இரும்பு வெளுத்து நிக்கையிலயே மேல எதையாவது பூசி அடச்சிட்டா அது எப்படிக் காத்த இழுக்கும்? ஊரு பூரா கிரீஸத் தடவிருவோம்," என்றார்.

உள்ளேயிருந்து சந்தியாகு கட்டிலைத் தட்டி, தலையை வேகமாக ஆட்டினார். "எண்ணெ கூடாது மச்சான். இந்தக் காத்துக்குப் பக்கத்துல எண்ணெக் கையோட போனாலே வெடிச்சிரும். எத்தன சிலிண்டரத் தொறந்தவன் நான். ஊரே எரிஞ்சு போயிரும்." இவ்வளவையும் அவர் காலை மூச்சில் சொன்னார், சொல்லி முடித்து மூச்சு வாங்கவும் இல்லை.

எண்ணெய் வேண்டாம் என்றதும் கஸ்பாருக்குக் காவி ஞாபகம் வந்தது. கோயில் திருவிழாவுக்கு மதில் சுவரில் பட்டை அடிக்க வாங்கி வைத்த காவிப்பொடி மூட்டை மூட்டையாக இருந்தது. புளியங்கொட்டைப் பசை காய்ச்சி, அதில் காவியைக் கரைத்து, ஆணும் பெண்ணும் மட்டையும் துணியுமாக இறங்கி, காலையில் துரு விட்ட கையோடு ஊரிலிருந்த ஒவ்வொரு கம்பிக்கும் கொண்டிக்கும் தகரத்துக்கும் பூசினார்கள். வேலை மும்முரத்தில் ஆடு கட்டும் முளையைக்கூட விடவில்லை. அன்று சாயங்காலம் சீறல் கேட்கவில்லை. சந்தியாகு இரவுச் சாப்பாட்டை முழுதாகச் சாப்பிட்டார், மீன் குழம்பில் புளி கூடிப்போயிற்று என்று குறைகூடச் சொன்னார். அமலோற்பவம் அந்தக் குறையைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தாள். நாளைக்கும் இவர் இருப்பார், நாளன்றைக்கும் இருப்பார் என்று நினைத்துக்கொண்டே பாயில் படுத்தாள்.

மறுநாள் காலை அவள் தண்டவாளத்தைத் தட்டினாள். காவி விட்டது. கம்பியிலும் கொண்டியிலும் பூசியிருந்த சிவப்பெல்லாம் ஒரே மூச்சாக விட்டுவிட்டுக் கறுத்த பொடியாகி, வெயிலில் மினுங்கிக்கொண்டு உதிர்ந்தது. அதோடு நிற்கவில்லை, இத்தனை நாள் விடாதிருந்த ஓட்டு வீடுகளின் ஓடும் காவியைப் பார்த்து வெளிறியது, செங்கல் மதில் சாம்பல் நிறமாயிற்று, தெருவில் நின்ற சனங்கள் மூச்சு நிறைந்து, காரணம் தெரியாமல் சிரித்துக்கொண்டே ஒருவரையொருவர் பார்த்தார்கள். புளோரா டீச்சர் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் நின்று தலையில் கையை வைத்துக்கொண்டார். "அண்ணாச்சி, காவியும் துருதான்," என்றார் கஸ்பாரிடம். "செங்கல் செவப்பும் அதுதான், ஓட்டுச் செவப்பும் அதுதான். துருவுக்குத் துருவையே காவலுக்கு வச்சிருக்கோம்." கஸ்பார் கையிலிருந்த பூச்சு மட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் மீன் அரிகிற ரோசம்மாவுக்கு அந்தச் சந்தேகம் வந்தது. சிவப்பெல்லாம் விடுகிறதென்றால் ரத்தம்? கேட்டவுடன் சிரிப்பு நின்றுபோயிற்று. ரோசம்மா யோசிக்காமல் அரிவாள்மணையில் விரல் நுனியைக் கீறிக்கொண்டாள், எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். சிவப்பு, நல்ல சிவப்பு. பார்த்தவர்களுக்கு உயிர் வந்தது.

"அதுலயும் இரும்புதான் இருக்கு," என்றார் டீச்சர் மெதுவாக. "நம்ம எல்லார் ஒடம்புலயும் ஒரு ஆணி செய்யிற அளவுக்கு இரும்பு இருக்கு. அதுவும் இதே காத்தத்தான் புடிக்கும். ஆனா துரு மாதிரிப் புடிக்காது. ரோட்டக் கடக்கையில சின்னப்புள்ள கையப் புடிப்போம்லா, அதுமாதிரி. நெஞ்சுல வாங்கும், கொண்டுபோய் விரல் நுனி வரைக்கும் விடும், வெறுங்கையோட திரும்பி வரும், மறுபடி வாங்கும். நாம தூங்கையிலயும் நிக்காது. புடிச்சுக்கிட்டே இருந்தா நாம செத்துப் போயிருவோம்." சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தித் தன் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தார். ஒவ்வொருவராகத் தங்கள் மணிக்கட்டைத் தொட்டார்கள். துரு மூச்சு விடுவதை இத்தனை நாள் வாய் பிளந்து பார்த்தவர்கள், பிறந்த நாளிலிருந்து தங்களுக்குள்ளேயே அது நடந்துகொண்டிருப்பதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்பதுபோல், நடுத்தெருவில் வெயிலில் நின்றார்கள்.

அன்று சாயங்காலம் ஊர் முழுக்கப் பரவிக்கிடந்த காவியின் பொடி ஒவ்வொன்றும் தன் பங்கைத் திருப்பி இழுத்தது. சந்தியாகுவின் உதடு நீலமாயிற்று. அமலோற்பவம் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தெரிந்த ஜெபமெல்லாம் சொல்லி, ஜெபம் தீர்ந்ததும் துருவைத் திட்டி, திட்டும் தீர்ந்ததும் வெறுமனே உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் தெளிந்தபோது அவர் ஒரு சொல் சொன்னார். "படுக்கணும்."

அவளுக்கு உடனே தேரி ஞாபகம் வந்தது.

ஊருக்கு மேற்கே, பனங்காட்டைத் தாண்டினால், கண்ணுக்கு எட்டிய தூரம் சிவப்பு மணல்தான். மேடும் பள்ளமுமாக, ரத்தச் சிவப்பில், கடலே மணலாகி உறைந்துவிட்ட மாதிரிக் கிடக்கும், தேரி என்பார்கள். அத்தனையும் துரு. ஒவ்வொரு மணலும் தன்மேல் ஒரு துளி மூச்சைப் பூசிக்கொண்டு, மனுஷன் பிறப்பதற்கு முன்னாலிருந்து அங்கே கிடக்கிறது. அது ஒருதரம் விட்டால் இவர் ஒருதரம் படுத்துவிடலாம் என்று அவள் கணக்குப் போட்டாள். பின்னிரவில் கஸ்பார் தன் லோடு ஆட்டோவில் மெத்தை விரித்து, கட்டிலிலிருந்து சந்தியாகுவை உட்கார்ந்தபடியே தூக்கி வைத்தார். அமலோற்பவம் தண்டவாளத் துண்டை வேப்பமரத்திலிருந்து அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். போகிற வண்டியைப் பார்த்து ஒவ்வொரு வீடாக இறங்கி, இழுப்புக்காரர்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும் சாமியாரும் டீச்சரும் என்று ஊரே பின்னால் நடந்தது.

விடிகிற நேரத்துக்குத் தேரியின் உச்சி மேட்டுக்கு வந்தார்கள். அங்கே நின்ற கொல்லாமரம் என்கிற முந்திரி மரத்தின் கிளையில் தண்டவாளத்தைக் கட்டி, சந்தியாகுவை மணலில் உட்கார வைத்து, அமலோற்பவம் சுத்தியலை எடுத்தாள். இந்தத் தடவை அவள் திட்டவில்லை. "ஒரு பகல் குடு," என்றாள், தட்டினாள்.

சத்தம் மேடுமேடாக ஏறி இறங்கிப் போயிற்று. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவர்கள் காலடியிலிருந்து சிவப்பு விலகத் தொடங்கியது. வட்டம் பெரிதாகிப் பெரிதாகி, மேட்டிலிருந்து இறங்கி, பள்ளத்தை நிறைத்து, அடுத்த மேட்டில் ஏறி, பனைகளைச் சுற்றிக்கொண்டு, பார்வை முடிகிற இடம் வரை போயிற்று. போன இடமெல்லாம் மணல் கறுத்து, ஈரமாகி, காலை வெயிலில் மீன் செதில் போல மினுங்கிற்று. அத்தனை மணலும் விட்ட மூச்சு கீழேயிருந்து எழும்பி வந்தது. அதற்குக் காற்றின் வேகம் இல்லை, ஒரு மலை விழித்துக்கொண்டு நிதானமாக விடுகிற மூச்சு மாதிரி இருந்தது; பனையோலை எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றது. பள்ளங்களில் தண்ணீர் ஊறி வானம் தெரிந்தது. சனங்கள் முழங்கால் போட்டார்கள், சிலர் சும்மா உட்கார்ந்தார்கள். அவர்கள் உதடெல்லாம் வெற்றிலை போட்ட மாதிரிச் சிவந்திருந்தது. மண் தன் சிவப்பைக் கொடுத்துவிட்டது, அது தங்களுக்குள் ஓடுகிறது என்று எல்லாருக்கும் தெரிந்தது.

சந்தியாகு தலையணையை ஒதுக்கிவைத்தார். கையை ஊன்றி, சந்தேகத்தோடு, குளிர்ந்த தண்ணீரில் இறங்குகிறவர் மாதிரிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து, முதுகை மணலில் வைத்து, காலை நீட்டி மல்லாந்து படுத்தார். மூச்சு வந்தது. இன்னொன்று வந்தது. அவர் வானத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"அமலோற்பவம், வானத்தப் பாத்து எத்தன வருசமாச்சு. எப்பவும் தலகாணியத்தான பாத்துக்கிட்டு இருந்தேன்."

பகல் முழுக்க அவர் படுத்திருந்தார். தூங்கினார், விழித்தார், பேசினார். முதன்முதலில் அறுத்த படகின் பெயரைச் சொன்னார். அவள் கல்யாணத்தன்று செருப்பைத் தொலைத்துவிட்டு அழுததைச் சொல்லிக் கேலி செய்தார். ஊர்க்காரர்கள் தள்ளிப்போய் மர நிழலில் உட்கார்ந்துகொண்டார்கள். அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

வெயில் சாய்ந்தபோது தூரத்து மேடு ஒன்று பழுப்பாவதை அவள் பார்த்தாள். அடுத்த மேடு. அதற்கடுத்தது. சிவப்பு நாலு பக்கமிருந்தும் நிதானமாக, அவசரமில்லாமல் வந்துகொண்டிருந்தது. கஸ்பார் ஓடிவந்து, "தங்கச்சி, வண்டில ஏத்திருவோம், வீட்டுக்குப் புதுச் சிலிண்டர் வந்திருக்கும்," என்றார். அவள் பிடி இறுகியது.

சந்தியாகு கண்ணைத் திறந்தார். "எழுப்பாதிய மச்சான். இனிமே உக்கார மாட்டேன்." பிறகு அவளைப் பார்த்தார். "கை வலிக்குதுளா."

அவள் குனிந்து பார்த்தாள். அவர் மணிக்கட்டில் அவள் விரல் பதிந்த இடம் வெளுத்துப்போயிருந்தது. எத்தனையோ நாளாகப் பிடித்த பிடி. இதை இப்படிப் பிடிக்க நான் எங்கே கற்றேன் என்று அவளுக்குத் தோன்றியது. தினமும் திட்டினேனே, அதனிடம்தான் கற்றிருக்கிறேன் என்றும் தோன்றியது. ஒவ்வொரு விரலாகத் தளர்த்தினாள். கையை எடுக்கவில்லை, ரோட்டைக் கடக்கையில் பிடிப்பதுபோல, அவர் கைக்குள் தன் கையை வெறுமனே வைத்துக்கொண்டாள்.

"அமலோற்பவம்," என்றார் அவர். ஒரு எழுத்தும் தின்னாமல்.

சிவப்பு அவர்களிருந்த மேட்டில் ஏறியது.

அவரை ஊர் வழக்கப்படி கோயில் கல்லறையில் வைத்தார்கள். துக்கம் முடிந்து அமலோற்பவம் கடை திறந்து தண்டவாளத்தைத் தட்டியபோது துரு விடவில்லை, அது பாட்டுக்கு இருந்தது. அவளும் வற்புறுத்தவில்லை. பீடி பழையபடி மெதுவாக எரிந்தது, பிரசங்கம் பழையபடி நீண்டது, இழுப்புக்காரர்கள் பழையபடி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கஸ்பார் திருவிழாவுக்கு மறுபடி காவி வாங்கினார், வாங்கும்போது மூட்டையைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டார். நடந்தது எதனால் என்று ஊரில் யாரும் கேட்டதில்லை. சும்மா இருக்கும்போது மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிற பழக்கம் மட்டும் தாழைத்துறைக்காரர்களிடம் தங்கிவிட்டது. வெளியூர்க்காரர்கள் அதை வைத்து அவர்களை அடையாளம் கண்டுபிடித்தார்கள்.

தேரி பழைய சிவப்புக்குத் திரும்பியது, ஒரு இடம் தவிர. உச்சி மேட்டில், கொல்லாமரத்துக்குப் பக்கத்தில், ஒரு ஆள் காலை நீட்டி, ஒரு கையைக் கொஞ்சம் விலக்கி மல்லாந்து படுத்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு மணல் கறுப்பாகவே நின்றுவிட்டது. கொடுத்ததைத் திருப்பி வாங்க அந்த மணலுக்கு மட்டும் மனசு வரவில்லை. காற்றடித்து மேடு இடம் மாறும், மணல் புரண்டு போகும், வந்து விழுகிற புது மணலும் அந்த எல்லைக்குள் விழுந்ததும் தன் சிவப்பை விட்டுவிடும். ஆடுகள்கூட அதைச் சுற்றிக்கொண்டு போகின்றன. புளோரா டீச்சர் அதில் ஒரு சிட்டிகை எடுத்துப்போய்ப் பள்ளிக்கூடத்தில் மூடியில்லாத புட்டியில் வைத்திருக்கிறார், எத்தனை மழைக்காலம் போயும் அது துருவேறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அமலோற்பவம் அங்கே போவாள். செருப்பைக் கழற்றிவைத்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்து, கடையில் என்ன வந்தது, யார் என்ன சொன்னார்கள் என்று சொல்வாள். பிறகு முந்தானையைத் தலைக்கு மடித்து வைத்துக்கொண்டு, கறுத்த மணலை மிதிக்காமல், அவர் கை கிடந்த இடத்தில் தன் கையை லேசாக வைத்து, பக்கத்துச் சிவப்பு மணலில் மல்லாந்து படுப்பாள். வருஷக்கணக்காகக் கட்டிலும் பாயுமாகக் கிடந்தவர்கள், இப்போது பக்கத்தில் பக்கத்தில் படுத்திருப்பார்கள்.